கொள்கையா, ஒற்றுமையா?

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி, கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தின் முதல் நாளன்று ஆலய வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

நமது அழைப்பை ஏற்று சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரர்களே! அவர்கள் முதலில் எழுந்து முன்வரிசைக்கு வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

விழாக் குழுவினர் நமக்கு ஒரு தலைப்பைத் தந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் கொள்கைக்காக வாதாட வேண்டுமா, அல்லது ஒற்றுமையை முதலிடத்தில் வைக்க வேண்டுமா என்பது அது. பட்டிமன்றத்துக்கு ஏற்ற தலைப்பு. நடுவர் இரு பக்கத்தாரையும் பேசவிட்டு, கடைசியில் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, பொன்னாடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். நாம் அவ்விதம் தப்பித்துக்கொள்ள இயலாது. ஏனெனில் இந்தக் கேள்வி நமது பங்கில் ஒரு தாயின் உடலை ஒரு பகலும் ஓர் இரவும் அடக்கம் பண்ணவிடாமல் தெருவில் கிடத்தியிருந்தது. மூத்தவர்களுக்கு அது நினைவிருக்கும். அந்தக் குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

நாம் இப்பங்கிற்கு வந்த முதல் வருடம் அது. அந்தப் பெண் இங்கே பிறந்து, இங்கே ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்றவள். வாக்கப்பட்டது சி.எஸ்.ஐ. குடும்பத்தில். ஆயரின் அனுமதியோடு இதே ஆலயத்தில்தான் அத்திருமணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் தம் கோவிலுக்கும், இவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பூசைக்கும் போவார்கள். மத்தியானம் ஒரே அடுப்புச் சோறு. பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. ஒருநாள் பக்கத்து அறையில் பிடித்த தீ இவள் இருந்த அறைக்கும் வந்துவிட்டது. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். இந்தப் பட்டாசுச் சீமையில் வாழ்கிற நமக்கு அதை மேலும் விவரிக்கத் தேவையில்லை. 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது, இறந்தவர் எந்தச் சபை என்று கேட்க முடியாத நிலையில் உடல்கள் கிடந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள்.

உடல் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். உடனே வழக்கு ஆரம்பித்தது. பிறந்த வீட்டார், எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும், பூசை இல்லாமல் எடுக்கவிடமாட்டோம் என்றார்கள். கணவர் வீட்டுப் பெரியவர் ஒருவர், மரித்தவர்களுக்காக ஜெபிக்கும்படி வேதத்தில் எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்டார். நம்முடைய ஆட்களில் ஒருவர், மக்கபே ஆகமத்தில் இருக்கிறது என்றார். மக்கபே ஆகமம் எங்கள் வேதத்திலேயே இல்லையே என்றார் அவர். கூட்டம் கூடிவிட்டது. உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, இல்லையா என்று ஒரு தாயின் தலைமாட்டில் நின்றுகொண்டு இரவு பதினோரு மணி வரை வாதாடினார்கள். வாதாடியவர்களில் அதிகம் பேசியவர் யாரென்றால், நாம்தான். குருமடத்தில் படித்ததெல்லாம் அன்றைக்குத் துணைக்கு வந்தது. திரிதெந்தீன் பொதுச்சங்கம் என்ன தீர்மானித்தது என்று அந்தத் தெருவிளக்கின் கீழே விளக்கிக்கொண்டிருந்தோம்.

சி.எஸ்.ஐ. ஐயர் நம்மைவிட வயதில் இளையவர். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் நாம் மீண்டும் போய்ப் பேச்சை ஆரம்பித்தபோது, அருகில் வந்து தாழ்ந்த குரலில், "சாமி, பிள்ளைகள் ரெண்டு பேரும் நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை" என்றார்.

நாம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கவே இல்லை. இருவரும் சுவர் ஓரத்தில் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள், வேதத்துக்கு வராதவர், இட்லி கொண்டுவந்து கொடுத்தார். சின்னது சாப்பிட்டது. பெரியது நம்மைப் பார்த்து, "அம்மாவை எங்கே வச்சாலும் நாங்க எல்லாரும் வரலாமா, சாமி?" என்று கேட்டது. ஒரு தோட்டத்தில் வைத்தால் அப்பாவால் வரமுடியாது, இன்னொரு தோட்டத்தில் வைத்தால் ஆச்சியால் வரமுடியாது என்றுதான் நம்முடைய வாதமெல்லாம் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது.

அதன்பிறகு ஐயரும் நாமும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால்மணி நேரத்தில் பேசி முடித்தோம். பூசை நம் ஆலயத்தில். அடக்கம் கணவர் குடும்பத்துக் கல்லறையில். குழியருகே ஐயர் ஜெபித்தார். பிறகு நாம் ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தோம். தீர்த்தத்துக்கு ஒருவர் முறுமுறுத்தார். வெயில் காலத்தில் தண்ணீர் பட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டவர்கள் பலரும் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்கள். "பார்த்தீர்களா சாமி, எல்லாம் ஒரே சாமிதானே. கொள்கை, வித்தியாசம் எல்லாம் நீங்கள் படித்தவர்கள் உண்டாக்குவது" என்று நம்மிடமே சொன்னார்கள். அன்பர்களே, அந்த முடிவை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் அதே குடும்பந்தான்.

வருடந்தோறும் அவளுடைய நினைவுப் பூசைக்குக் கணவர் வருகிறார். கடைசிப் பெஞ்சில் உட்காருகிறார். நற்கருணை வழங்கும் நேரத்தில் பிள்ளைகள் எழுந்து வருகிறார்கள். அவர் உட்கார்ந்தே இருக்கிறார். நாம் அதைப் பீடத்திலிருந்து பார்க்கிறோம். திருச்சபையின் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சட்டத்தைக் காட்டிலும் பெரிய காரணம், அப்பத்தின் வடிவில் யார் இருக்கிறார் என்று நாம் விசுவசிக்கிறோமோ, அந்த விசுவாசத்திலும் திருச்சபையைப் பற்றிய விசுவாசத்திலும் நாம் இன்னும் ஒன்றாகவில்லை என்பது. கொள்கை ஒன்றுமில்லை என்று நாம் சொன்னால் அது பொய். அந்த நற்கருணைக்காகத்தானே அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் நடந்து வந்தாள்? அவள் உயிரோடிருந்தபோது பெரிதாக நினைத்ததை, அவள் செத்தபின் ஒன்றுமில்லை என்று சொல்வது அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது. கொள்கை அற்பமென்று எண்ணுகிறவனுக்கு அந்தக் கடைசிப் பெஞ்சைக் கண்டு வருத்தமும் வராது.

ஆகவே வாதாட வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்கிறோம். ஆனால் எதற்காக, யாரோடு, எந்த இடத்தில் என்ற கேள்விகள் இருக்கின்றன.

திருச்சபையின் முதல் பெரிய சண்டை எதைப் பற்றியது? கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள். அந்தியோக்கியாவில் இராயப்பர் புறவினத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். இது கொள்கைச் சண்டையா, ஒற்றுமைச் சண்டையா? இரண்டையும் பிரிக்க முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். மனிதன் நியாயப்பிரமாணத்தினால் மீட்கப்படுகிறானா, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தினாலா என்பது கொள்கை. யார் யாரோடு ஒரே பந்தியில் உட்காரலாம் என்பது அதன் விளைவு. பந்தி பிரிந்துவிடக்கூடாது என்பதற்காகவே சின்னப்பர் சண்டை போட்டார். சண்டை போட்டுவிட்டு அவர் தனிச் சபை ஆரம்பித்து இராயப்பருக்கு எதிரே கொட்டகை போடவில்லை. ஜூன் 29 ஆம் தேதி இருவருக்கும் ஒரே திருநாள் கொண்டாடுகிறோம்.

நமது தமிழகத்துக்கு வருவோம். 1706 ஆம் ஆண்டு சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு லுத்தரன் குருக்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்கு தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். சில வருடங்களுக்குள் நம்முடைய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். நமக்குத் தெற்கே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர், தேம்பாவணி பாடியவர். தரங்கம்பாடிக்காரர்களுக்கு எதிராக அவர் 'வேத விளக்கம்', 'பேதகம் மறுத்தல்', 'லுத்தரினத்தியல்பு' என்று நூல்கள் எழுதினார். அவர்களுடைய கொள்கையை மறுத்ததோடு, அவர்களுடைய தமிழையும் விட்டுவைக்கவில்லை. குருமடத்தில் படிக்கும்போது நாம் அவற்றை வாசித்துச் சிரித்திருக்கிறோம். எதிரியை இவ்வளவு அழகான வசனநடையில் அடிக்க முடியுமா என்று வியந்தோம். இப்போது ஐம்பது வயதுக்குப் பின் எடுத்து வாசித்தால் அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது. அந்தத் தெருவிளக்கின் கீழே நின்றபோது நாமும் அந்த நடையில்தான் பேசினோம் என்று தோன்றுகிறது.

ஆனால் இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்கு இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738 இல் அச்சிட்டு வெளியிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்! எவருடைய தமிழை அவர் பரிகசித்தாரோ, அவர்களே அவருடைய இலக்கணத்தை அச்சுக் கோத்தார்கள். அவருடைய கொள்கையை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் தமிழ் தெரிந்தவர் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மனது நம்மிடம் இருக்கிறதா? இன்றைக்கு எதிர்ச்சபைக்காரர் எழுதிய நல்ல புத்தகம் ஒன்றை நம் கோவில் வாசலில் விற்பனைக்கு வைக்கச் சம்மதிப்போமா?

அந்தக் காலத்துப் பிரிவினை நமது நாக்கிலேயே ஏறிவிட்டது. நாம் சர்வேசுரன் என்றோம். அவர்கள் பராபரன் என்றும் தேவன் என்றும் சொன்னார்கள். நாம் சேசு, அவர்கள் இயேசு. நமக்குச் சூசையப்பர், அவர்களுக்கு யோசேப்பு. நமக்கு அருளப்பர், அவர்களுக்கு யோவான். பையனுடைய பெயர் சின்னப்பன் என்றால் ஆர்.சி., பவுல் என்றால் புரோட்டஸ்டாண்டு என்று ஊர்க்காரர்கள் கண்டுகொள்வார்கள். ஒரே அப்போஸ்தலர்! ஆலங்குளம் என்று எழுதினால் நமக்கு வரவேண்டிய கடிதங்கள் சில தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துக்குப் போய்விட்டு வருகின்றன. ஊர் இரண்டு, பெயர் ஒன்று. இங்கேயோ ஆள் ஒன்று, பெயர் இரண்டு. தபால்காரராவது ஒரு வாரத்தில் சரிசெய்துவிடுகிறார். இதைச் சரிசெய்ய நமக்கு ஏறக்குறைய முந்நூறு வருடம் பிடித்தது.

நாம் குருமடத்தில் இருந்த காலத்தில், 1995 ஆம் ஆண்டு, கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வெளிவந்தது. திண்டிவனத்திலுள்ள நமது விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் கைகோத்துச் செய்த வேலை. அதற்காகக் கூடி உட்கார்ந்தவர்கள் எல்லாவற்றிலும் ஒத்துப்போனவர்கள் என்று எண்ணவேண்டாம். ஒரு சொல்லுக்காக எத்தனை தடவை எழுதி அடித்திருப்பார்களோ! நம் பங்கு மூத்தவர்களில் சிலர் இன்றும், சின்னப்பர் எங்கே போனார் என்று நம்மிடம் வருத்தத்தோடு கேட்கிறார்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் இன்றுவரை பழைய மொழிபெயர்ப்பே வாசிக்கப்படுகிறது. அது அவர்களுக்கு மனப்பாடம். அதில் தவறில்லை.

அந்தப் புத்தகத்தில் ஒரு காரியத்தைக் காட்ட விரும்புகிறோம். நமக்கு வேதநூல்கள் 73, அவர்களுக்கு 66. அன்றிரவு தெருவில் கிடந்து இழுபட்டதே மக்கபே ஆகமம், அது அந்த வித்தியாசத்தில் அடங்கியது. மொழிபெயர்த்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்நூல்களை நீக்கிவிடவில்லை. எல்லாருக்கும் சம்மதமென்று பாசாங்கு செய்து மற்றவற்றோடு கலந்துவிடவும் இல்லை. 'இணைத் திருமுறை நூல்கள்' என்று பெயரிட்டு, பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே தனிப் பகுதியாக வைத்தார்கள். நமக்குள் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். புத்தகம் இரண்டாகக் கிழியவில்லை.

இனி நமது அண்டை வீட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. என்ற பெயரைச் சொல்கிறோமே தவிர, அது எப்படி உண்டாயிற்று என்று நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தப் பகுதியில் அவர்களுடைய வேர் பழையது. ராக்லண்டு என்ற ஆங்கிலேயக் குரு, கேம்பிரிட்ஜில் பெரிய படிப்புப் படித்தவர், கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சுற்றிப் போதித்து, 1858 இல் சிவகாசியில் இறந்தார். சாட்சியாபுரத்துப் பள்ளிகளில் படித்த கத்தோலிக்கர் நமது பங்கிலேயே இருக்கிறார்கள்.

1919 ஆம் ஆண்டு மே மாதம், தரங்கம்பாடியில் தென்னிந்தியப் புரோட்டஸ்டாண்டு சபைகளின் குருக்கள் முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் முக்கியமானவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874 இல் பிறந்தவர். 1912 இல் தோர்ணக்கல் பேராயரானவர். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். மேல்நாட்டில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட சண்டைகளுக்காக நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஏன் பிரிந்து கிடக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேதனை. அன்றைக்கே கைகுலுக்கி ஒன்றாகிவிட்டார்களா? இல்லை. இருபத்தெட்டு வருடம் வாதாடினார்கள்!

எதைப் பற்றி? பெரும்பாலும் பேராயர் பதவியைப் பற்றி. ஆங்கிலிக்கன் சபையில் பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்தால்தான் குரு. மற்றச் சபைகளில் பேராயரே இல்லை. அப்படியானால், இணைந்த பிறகு அந்தக் குருக்களுக்கு மறுபடியும் குருப்பட்டம் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால், இத்தனை காலம் நீர் குருவே இல்லை என்று சொன்னதாகும். கொடுக்காவிட்டால், பேராயர் இல்லாமலும் ஆகும் என்றாகிவிடும். சின்ன விஷயமென்று தோன்றலாம். கத்தோலிக்கராகிய நமக்கு அது சின்ன விஷயமில்லை என்பது தெரியும். கடைசியில், ஏற்கெனவே உள்ள குருக்களை அப்படியே ஏற்பது, இனிமேல் ஆகும் குருக்களுக்குப் பேராயரே பட்டம் கொடுப்பது, எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சிக்கு விரோதமான ஊழியத்தைத் திணிப்பதில்லை என்ற உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலையடைந்த நாற்பத்து மூன்றாம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். லுத்தரன் சபையார் சேராமல் தனியே நின்றுகொண்டார்கள்.

அவர்கள் கண்ட தீர்வை நமது திருச்சபை தனக்கு ஏற்றதென்று கொள்ளவில்லை. நாமும் அதைப் பரிந்துரைக்க வரவில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு கொள்கையைப் பற்றி விடாமல் பேசியவர்களை, கொள்கையைக் காற்றில் விட்டவர்கள் என்று சொல்லவும் முடியாது. ஒற்றுமையைக் கெடுத்தவர்கள் என்று சொல்லவும் முடியாது. ஆயிற்று, இன்று போதும், அடுத்த வருடம் மறுபடியும் கூடுவோம் என்று அவர்கள் எழுந்து போன ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்கள். நாமோ, ஒரு பேச்சு முற்றினால் உறவையே முறித்துக்கொண்டு போகிறோம்.

நமது பக்கத்தில் 1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதற்குமுன் புரோட்டஸ்டாண்டு கோவிலுக்குள் கால் வைத்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும் என்று நம் பாட்டிமார் வளர்க்கப்பட்டார்கள். பிரிவினைக்கு இரு தரப்பாரும் காரணம் என்று அந்த ஏடு ஒப்புக்கொண்டது. முறையாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் நமக்குச் சகோதரர்கள் என்றது. அதே ஏடு, போதனையை மூடிமறைத்துச் செய்யும் போலிச் சமாதானம் ஒன்றிப்புக்கே விரோதமானது என்றும் சொன்னது. இதை மட்டும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். 1517 இல் மார்ட்டின் லுத்தர் காலத்தில் வெடித்ததே, மனிதன் நீதிமானாவது எப்படி என்ற சண்டை, அதைப் பற்றிக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆகஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார்கள். 482 வருடம்! அதுவும் எல்லாம் தீர்ந்ததென்று அதில் எழுதப்படவில்லை. அடிப்படையில் ஒன்றுபட்டிருக்கிறோம், இன்னின்ன இடத்தில் இன்னும் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

ஒரு கசப்பான காரியத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நம்மைப் பிரித்து வைப்பதெல்லாம் கொள்கைதானா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மதுரை மிஷனில் கோவா குருக்களுக்கும் உரோமையிலிருந்து அனுப்பப்பட்ட குருக்களுக்கும் நடந்த தகராற்றில் கோவில்கள் பூட்டப்பட்டன, கோர்ட்டுக்குப் போனார்கள். இரு பக்கமும் கத்தோலிக்கர். அதே பூசை, அதே விசுவாசப் பிரமாணம். எழுத்துக்கு எழுத்து வித்தியாசமில்லை. அதிகாரம் யாருக்கு என்பதே சண்டை. 1886 இல் உரோமைக்கும் போர்த்துக்கல்லுக்கும் உடன்படிக்கை ஆன பிறகுதான் பெரும்பகுதி அடங்கிற்று. வடக்கன்குளத்தில் ஆலயத்தையே இரண்டு பக்கமாகப் பிரித்து, சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைத்திருந்தார்கள். 1910 இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, அதற்காகவும் வழக்குப் போட்டார்கள். இன்றைக்கும் நம் பகுதிக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனால், எந்தச் சுவர் எந்தக் கொள்கைக்காகக் கட்டப்பட்டது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும். அந்தச் சுவர்களைப் பற்றி ஒருவரும் நம்மிடம் வந்து மக்கபே ஆகமத்தைக் காட்டி வாதாடியதில்லை.

இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெந்தெகொஸ்தே சபையார் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்கள், மாதாவை வணங்குவது விக்கிரக ஆராதனை என்கிறார்கள் என்று போன மாதம் சிலர் கோபத்தோடு வந்தீர்கள். பிரசுரத்தைக் கிழித்ததாகவும், ஒருவருடைய சைக்கிளைத் தள்ளிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னீர்கள். ஆராதனைக்கும் வணக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் உங்களைக் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடவுள் ஒருவருக்கே ஆராதனை. மாதாவுக்கும் அர்ச்சிஷ்டவர்களுக்கும் வணக்கம் மட்டுமே. அவர்கள் நமக்காக மன்றாடுகிறவர்கள். இது ஞானோபதேச வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. அதைச் சொல்லத் தெரியாததால் கை நீண்டது. அந்தச் சைக்கிள்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. நம் ஆட்களில் சிலர் சப்பரத்துக்கு முன்னால் நடந்துகொள்வதைப் பார்த்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும்.

மருந்து அறையில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாம் எடை பார்த்துத்தான் சேர்ப்பீர்கள். கூடக்குறைய இருந்தால் என்ன, எல்லாம் மருந்துதானே என்று எந்தப் போர்மேனும் சொல்லமாட்டார். அதே நேரத்தில் அங்கே இரும்புக் கரண்டி கூடாது, உரசக்கூடாது, ஓர் அறையில் அதிகம் பேர் கூடக்கூடாது. அளவில் கண்டிப்பும், கையாளுவதில் மென்மையும் ஒரே ஆளிடம் இருப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் நீங்கள். வேத காரியத்தில் மட்டும் நம்மில் ஒரு சாரார் எடையைப் பார்ப்பதில்லை. மற்றொரு சாரார் இரும்புக் கரண்டியோடு வருகிறார்கள். நாம் இரண்டாம் வகை.

நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, அந்தப் பிள்ளைகள் தங்கள் அம்மாவின் கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டுபோகிறார்கள். அந்தத் தோட்டத்தில் அவ்வழக்கம் இல்லை. முதல் வருடம் வாயிற்கதவு பூட்டியிருந்தது. வெளியிலேயே ஏற்றிவைத்துவிட்டு வந்தார்கள். இரண்டாம் வருடம் ஐயர் சாவியோடு வந்து நின்றார். போன வருடம் கதவு திறந்தே கிடந்தது. யார் திறந்தார்கள் என்று நாம் கேட்கவில்லை. பெரிய பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

இந்த வாரத்தின் கடைசி நாளாகிய 25 ஆம் தேதி மாலை 6 மணிக்கு, இதே இடத்தில் இரு சபையாரும் சேர்ந்து ஜெபக் கூட்டம் நடத்துகிறோம். ஐயர் பேசுகிறார். முடிந்தபின் கேள்வி நேரம் உண்டு. இரு பக்கத்தாரும் கேட்கலாம். எழுதிக்கொண்டு வந்தால் நல்லது. பிறகு எல்லாருக்கும் சாப்பாடு, ஒரே பந்தி. முதல் கேள்வியை, மக்கபே ஆகமத்தைப் பற்றி, தாமே கேட்கப்போவதாக ஐயர் சொல்லியிருக்கிறார். நாம் இரண்டு இரவாக விழித்திருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.